தரைப்பாலத்தில் மாறிய உத்தரவு

ராணுவத்தில் நான் கம்பெனி ஹவில்தார் மேஜர். அதிகாரி உத்தரவு போடுவார், ஜவான்கள் செய்வார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது என் வேலை. ஓய்வுபெற்று ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது, அந்தப் பாடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், காலையிலிருந்து விடாத மழை. ஷிஃப்டைப் பாதியில் நிறுத்தி எல்லாரையும் பஸ்ஸில் அனுப்பச் சொன்னார் பிளான்ட் மேனேஜர் சுதா. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மேடம், ரோட்ல தண்ணி ஏறுது. இங்கயே தங்க வெச்சிடலாம்."

"யார்டுலயும் ஏறுது சார். கரண்ட் போச்சுன்னா இவ்ளோ பேரை எப்படிப் பார்த்துக்கறது? இப்ப விட்டா அப்புறம் அனுப்பவே முடியாது."

அதிலும் நியாயம் இருந்தது. வெளியே வந்து, "எல்லாரும் ஏறுங்க, சீக்கிரம்!" என்று என் சொந்த முடிவு போலக் குரல் கொடுத்தேன். மனசு மட்டும் கேட்கவில்லை. முதலில் கிளம்பிய குன்றத்தூர் பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன்.

தரைப்பாலத்துக்கு முன்னால் டிரைவர் ஏழுமலை பிரேக் அடித்தார். பாலத்தையே காணோம். செந்தண்ணீர் சுழித்து ஓடியது.

"இன்னா சார் பண்றது? முன்னாடி ஒரு லாரி போய்க்கீது. நாமளும் போய்டலாமா?"

மேடத்துக்குப் போன் போட்டேன். சிக்னல் இல்லை. பின் சீட்டில் தென்காசிக்காரப் பெண் ஒருத்தி, "சார், ரூமுக்குப் போயிருவோம்லா?" என்று அழ ஆரம்பித்தாள்.

இறங்கி, கையிலிருந்த கம்பை ஊன்றித் தண்ணீருக்குள் நடந்தேன். முழங்காலைத் தாண்டியதும் தண்ணீர் ஆளை இழுத்தது. பின்னாலேயே வந்த ஏழுமலை என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

மற்ற பஸ்கள் கிளம்பி வேறு வழியில் போய் மாட்டியிருக்குமோ என்று போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். சிக்னல் வந்ததும் கூப்பிட்டேன்.

"மேடம், பாலம் மூழ்கிடுச்சு. உங்களைக் கேக்காம திருப்பிட்டேன்."

"நீங்க முதல் பஸ்ல ஏறினதைப் பார்த்ததும் மத்த பஸ்ஸை நான் விடல சார். உங்க போனுக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன். வாங்க."

கேட்டில் இறங்கியதும் ஒருவர் கத்தினார்: "வூட்டுக்குப் போலாம்னு ஏத்தினு போய், திரும்ப இங்கயே இட்டாந்துட்டீங்க. யாரு சொன்னது?"

நான் வாய் திறப்பதற்குள் மேடம் மழையில் இறங்கி வந்தார். "நான்தான் வரச் சொன்னேன். கேன்டீன்ல சாப்பாடு ரெடியாவுது, உள்ள வாங்க."

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மறுப்பதை அறைக்குள்ளேயே மறுத்துவிடுங்கள். களத்தில் உத்தரவை மாற்ற நேர்ந்தால் துணிந்து மாற்றுங்கள், உடனே மேலே சொல்லிவிடுங்கள். அதன் பழியை மேலே இருப்பவர் தானாக வாங்கிக்கொண்டால், அவருக்குக் கீழே தைரியமாக வேலை செய்யலாம்.