கலைச்செல்விக்கு முந்திரி ஆகாது

ஒவ்வாமை உள்ள தோழிக்காக ஹோட்டல் ஹோட்டலாக விசாரணை நடத்துவது சம்பளமோ, விடுப்போ, பணிமூப்போ இல்லாத உத்தியோகம்; அதில் இருப்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். நீங்களும் அப்படி ஒருவராக இருந்தால் மேலே படியுங்கள். அதற்கு முன், நாட்டில் ஆழமாக வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கையை மிகுந்த மனவேதனையுடன் திருத்த வேண்டியிருக்கிறது. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர் முந்திரியைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்று மக்கள் நினைக்கிறார்கள். சாப்பிடக் கூடாது. பொறுக்கக் கிடைக்கும் முந்திரியாவது யோக்கியமான முந்திரி. பொங்கலின் மேல் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். அரைபட்டுக் குருமாவில் கலந்ததும், வறுபட்டு நெய்யில் தன் சாரத்தை விட்டுவிட்டுப் போனதும் தலைமறைவுக் குற்றவாளிகள்.

நாங்கள் நான்கு பேர். திருச்சியில் ஒரே கல்லூரியில் வேலை. பர்வீன் வணிகவியல், ரங்கநாயகி கணிதம், கலைச்செல்வி இயற்பியல். நான் நூலகர், மூவரும் என்னை 'லைப்ரரி' என்றே கூப்பிடுவார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெளியே சாப்பிடுவது வழக்கம். ஒரு தீபாவளிக்கு, யாரோ கொடுத்த முந்திரி கேக்கைத் தின்ற கலைச்செல்விக்கு உதடு வீங்கித் தொண்டை அடைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னொரு தடவை இதைவிட மோசமாகவும் வரலாம் என்று டாக்டர் சொல்லி, கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டிய மருந்தையும் கொடுத்தார். அதிலிருந்து அவள் ஹோட்டல் வாசலை மிதிக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்கடி" என்பாள். மூன்று பேராகப் போனோம். சாப்பாடு இறங்கவில்லை, கலை இல்லாவிட்டால் பர்வீனின் ஜோக்குகளுக்குச் சிரிக்க ஆளில்லை. நச்சரித்து நச்சரித்து ஒருநாள் சம்மதிக்க வைத்தோம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "வரேன். ஆனா ஒரு தடவை பயந்தேன்னா, அதோட சரி."

பொறுக்கிய பொங்கல்

முதல் சனிக்கிழமை தில்லைநகரில் ஒரு சைவ ஹோட்டல். விசாரணைப் பொறுப்பு எனக்கு, ஏனென்றால் நான் நிறையப் படித்திருந்தேன். பரிமாறுபவரிடம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி எப்படி ஒரு சாதுவான பொருளைப் பகைவன் என்று தவறாக நினைத்துப் போருக்குக் கிளம்புகிறது என்பதை விளக்கினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, பாதியில் போகாமல், பணிவாகக் கேட்டார். பிறகு உள்ளே போய், பொங்கல் தட்டோடு வந்தார். பொங்கலில் அங்கங்கே சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு முந்திரியாகக் கிளறி எடுத்திருந்தார்.

கலைச்செல்வி அவரைப் பார்த்துச் சிரித்தாள். பையிலிருந்து பூவன் பழத்தை எடுத்தாள். அவள் அப்பாவுக்குத் தொட்டியத்தில் வாழைத்தோட்டம், அதனால் அவளிடம் பழம் இல்லாத நாள் கிடையாது. அவள் பழம் சாப்பிட்டாள், நாங்கள் குழி விழுந்த பொங்கலைச் சாப்பிட்டோம். பில்லோடு வந்தவர் மனம் கேட்காமல் சொன்னார்: "முந்திரி பத்தலைன்னு சண்டை போட்டவங்க நூறு பேரைப் பாத்திருக்கேன். இருக்குன்னு சண்டை போட்டது நீங்கதாம்மா."

பக்கத்து மேசை வைத்தியர்

விசாரணை அதிகாரிக்கு எதிரி ஹோட்டல்காரர் மட்டுமல்ல. பக்கத்து மேசையும்தான். அதே ஹோட்டலில் கை கழுவப் போகும்போது ஒரு பெரியவர் எங்களை நிறுத்தினார். நாங்கள் பேசியது முழுவதும் அவர் காதில் விழுந்திருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் உடம்பைச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றும், தினம் ஒரு துண்டு முந்திரி தின்றால் உடம்பு தானே பழகிவிடும் என்றும், அவருடைய மச்சானுக்கு இறால் ஆகாமல் இருந்து இப்படித்தான் சரியானது என்றும் சொன்னார். டாக்டர் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பரீட்சையெல்லாம் செய்யக் கூடாது என்று நான் வாயெடுப்பதற்குள் பர்வீன் மிகுந்த மரியாதையோடு, "மச்சான் இப்ப எப்படி இருக்காருங்க?" என்று கேட்டாள். பெரியவர் சொன்னார்: "அவர் போயிட்டார்மா. ஆனா அதுக்கும் இறாலுக்கும் சம்பந்தமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்."

வெள்ளை கிரேவியின் இரண்டு வாக்குமூலங்கள்

அடுத்த முறை மன்னார்புரம் பக்கம், வடநாட்டுச் சாப்பாடு போடும் ஒரு இடம். எனக்கு அந்த வெள்ளை நிற கிரேவிமேல் முதலிலிருந்தே சந்தேகம். பால் அவ்வளவு கெட்டியாக இருக்காது. தேங்காய் அவ்வளவு வழுவழுப்பாக இருக்காது. இந்தத் தடவை சொற்பொழிவு வேண்டாம் என்று தோழிகள் கட்டளையிட்டிருந்ததால் சுருக்கமாகக் கேட்டேன்: "இதுல முந்திரி இல்லையே?"

"இல்லைம்மா" என்றார் பரிமாறுபவர், நான் கேட்டு முடிக்கும் முன்பே. அந்த வேகம்தான் இடித்தது. கலைச்செல்வி மெனு அட்டையை மூடி வைத்துவிட்டாள். அப்போது பர்வீன், கல்லூரி நாடகத்தில் ராணி வேஷம் போட்ட பர்வீன், முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு, "என்னண்ணே இது, முந்திரிகூட இல்லாம ஒரு கிரேவியா?" என்றாள்.

அதே மனிதர். அதே இடத்தில் நிற்கிறார். மார்பு நிமிர்ந்துவிட்டது. "முந்திரி இல்லாமயா? அரைச்சு ஊத்துறதே அதைத்தானேம்மா. கரண்டியைப் போட்டா நிக்கும்."

எனக்குப் புல்லரித்தது. அறிவியல் இப்படித்தான் வளர்ந்திருக்க வேண்டும். இவரிடம் இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டால் இல்லை. உண்டு என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்டால் உண்டு. பொய் சொல்லும் ஆசாமி இல்லை. வந்தவர் மனம் கோணக் கூடாது என்று நினைப்பவர். நம் ஊரில் முந்திரி என்பது மரியாதை. அது இல்லை என்று ஒப்புக்கொள்வது ஹோட்டலுக்கு அவமானம். ஆகவே முந்திரிக்கு ஏங்குகிறவளிடம் யாராவது 'இல்லை' என்று சொன்னால், அது சத்தியம். இந்தத் தத்துவம் என் மனதில் உருவாகிக்கொண்டிருந்தபோது ரங்கநாயகி அவரிடம், "இப்பதானே இல்லைன்னீங்க?" என்று கேட்டாள். அவர் என்னைக் கையால் காட்டினார்: "அந்தம்மா இல்லைன்னு சொன்னா சந்தோஷப்படுவாங்கன்னு தோணுச்சுங்க."

ஏங்கிக் கேட்டால் கிடைக்கும்

அதன் பிறகு வந்த மாதங்கள் எங்கள் பொற்காலம். பர்வீன் ஏங்குவாள், பரிமாறுபவர் பெருமைப்படுவார் அல்லது வருத்தப்படுவார், நாங்கள் அவர் முகத்தைப் படிப்போம். பெருமைப்பட்டால் அந்தப் பதார்த்தம் தள்ளுபடி. வருத்தப்பட்டால் கலைச்செல்விக்கு ஒரு தட்டு. நெய் ரோஸ்ட் தேறியது. பூரிக்கிழங்கு தேறியது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வத்தக்குழம்பு தேறியபோது கலை இரண்டாம் முறை சாதம் வாங்கினாள். நாங்கள் மூவரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏண்டி, ஊட்டி விடப் போறீங்களா?" என்று அதட்டினாள். அவள் கைப்பையில் மருந்து இருந்தது, வாழைப்பழம் இல்லை. எனக்கு அது பெரிய செய்தி.

அந்தக் கடையில் பரிமாறியவர் பர்வீனைப் பார்த்து அடைந்த துக்கத்தை மறக்க முடியாது. போகும்போது வாசல் வரை வந்து சொன்னார்: "அடுத்த தடவை வரப்போ ஒரு போன் பண்ணிட்டு வாங்கம்மா. உங்களுக்காக வத்தக்குழம்புலயும் போட்டுத் தரச் சொல்றேன்."

நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

பெருமாளும் பருப்பும்

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகிக்குத் தெரிந்த ஒரு மாமாவின் சின்ன மெஸ். ரங்கநாயகிக்கு அந்த ஊர்தான். அன்று கல்லாவுக்கு மேலே இருந்த பெருமாள் படத்துக்கு மாலை சாத்தி, சர்க்கரைப் பொங்கல் கண்டருளப் பண்ணியிருந்தார்கள். வருகிறவர் கையில் முதலில் ஒரு கரண்டி பிரசாதம், அதற்கப்புறம்தான் இலை. நெய் மணத்திலேயே முந்திரி தெரிந்தது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வதாவது! பர்வீன்கூடக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கலைச்செல்வி மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

விஷயத்தைச் சொன்னோம். மாமா கரண்டியை இறக்கவே இல்லை. "பிரசாதம் யாரையும் ஒண்ணும் பண்ணாது. பெருமாள் பார்த்துப்பார்." போர்த்துக்கீசியர் கப்பலில் கொண்டு வந்து இறக்கும்வரை இந்த நாட்டில் முந்திரியே கிடையாது என்றும், பெருமாள் அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் அது இல்லாமலேயே அமுது செய்திருக்கிறார் என்றும் நான் ஆரம்பித்தேன். ரங்கநாயகி என் காலை மிதித்தாள். பிறகு மாமாவிடம் அமைதியாகச் சொன்னாள்: "பெருமாள் ஒண்ணும் பண்ண மாட்டார் மாமா. முந்திரி பண்ணிடும். போன தடவை இவளை ஆட்டோல தூக்கிண்டு ஓடினது நான்." கலைச்செல்வியின் பங்கையும் தானே வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். மாமா கலைச்செல்வி பக்கம் திரும்பினார். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "அப்போ நீ படத்தை மட்டும் சேவிச்சுக்கோம்மா. அதுல முந்திரி போடலை."

மாஸ்டரின் அன்பளிப்பு

முக்கொம்பு போகும் வழியில் ஒரு தோட்ட ஹோட்டல். கலைச்செல்விக்குப் பிறந்தநாள். அவளுக்குப் பரோட்டாவும் குருமாவும் சாப்பிட ஆசை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு அவள் குருமாவைத் தொட்டதில்லை. பர்வீன் தன் வாழ்நாளின் சிறந்த நடிப்பை வழங்கினாள். "குருமாவுல முந்திரி நிறைய அரைச்சு விடுவீங்கல்ல?" பரிமாறும் அண்ணன் நிஜமாகவே கூனிக் குறுகிப்போனார். "இல்லைம்மா. நம்ம கடையில தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும்தான்." மேசைக்கு அடியில் நாங்கள் கைகுலுக்கிக்கொண்டோம்.

குருமா வந்தது. கலைச்செல்வி பரோட்டாவைப் பிய்த்து, நன்றாகத் தோய்த்து எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அந்த அண்ணன் போகவில்லை. பரிமாறுபவர் எவரும் பரிமாறிவிட்டு நிற்பதில்லை. நமக்குத் தண்ணீர் வேண்டும்போது அவர்கள் மறைந்துவிடுவார்கள் என்பது இயற்கை விதி. இவர் கல்யாணத்தில் மொய் வைத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"கலை, கையை இறக்கு" என்றேன்.

அவள் கை வாய்க்குக் கிட்டத்தில் இருந்தது. இறக்கினாள். "என்னண்ணே?" என்றாள் பர்வீன்.

"ஒண்ணுமில்லைம்மா, ருசி எப்படி இருக்குன்னு பாக்கத்தான். நீங்க ஏக்கமா கேட்டீங்களேன்னு மாஸ்டர்கிட்ட சொன்னேன். உங்க மேசைக்குன்னு தனியா ஒரு பிடி முந்திரி அரைச்சு விட்டாரு."

கலைச்செல்வி எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். விரல் நுனிகள் சிவந்து அரித்தன. ரங்கநாயகி கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் பயந்துவிட்டாள். அது முகத்தில் தெரிந்தது. நிபந்தனை எங்கள் நால்வருக்கும் ஞாபகம் இருந்தது. இனி மூன்று பேர்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அவள் வாசல் பக்கம் போகவில்லை. சமையல்கட்டுக்குள் போனாள். பின்னாலேயே ஓடினோம். சரக்கு மாஸ்டர், அதாவது குழம்பு, குருமா எல்லாம் வைக்கிறவர், அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்கள் விசாரணைகளில் இதுவரை வாய் திறக்காமல் இருந்தவள், எதிர்ப்புச் சக்தி பற்றியோ போர் பற்றியோ பேசாமல் சொன்னாள்: "அண்ணே, முந்திரி உள்ள போனா எனக்குத் தொண்டை அடைச்சுடும். மூச்சு விட முடியாது. செத்துப்போயிடுவேன். அது படாத சட்டியில எனக்கு ஏதாவது பண்ணித் தர முடியுமா? முடியாதுன்னாலும் சொல்லிடுங்க."

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். பரிமாறிய அண்ணன் சுவரோடு ஒட்டிக்கொண்டார். மேலே அலமாரியிலிருந்து ஒரு இரும்புச் சட்டி இறங்கியது. அதையும் ஒரு கரண்டியையும் மாஸ்டரே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். புது எண்ணெய்ப் பாக்கெட் பிரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, தக்காளியும் வெங்காயமும் பச்சைப் பட்டாணியும் போட்டு ஒரு குருமா கொதித்தது. அவள் அதை அங்கேயே, சமையல்கட்டில் நின்றபடி, தனியாகச் சுட்ட பரோட்டாவோடு சாப்பிட்டாள். முழுத் தட்டும். இன்னொரு பரோட்டாவும் கேட்டாள். கடைசி வாய்க்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அடுத்த மாசம் எங்கடி?" என்றாள். மாஸ்டர் பர்வீனைப் பார்த்தார், ரங்கநாயகியைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தையில சொன்னதை, நீங்க மூணு பேரும் சேர்ந்து எப்படிம்மா இவ்வளவு தூரம் கொண்டு வந்தீங்க?"

இப்போது விசாரணையைக் கலைச்செல்வியே சமையல்கட்டில் நடத்திக்கொள்கிறாள், எங்கள் மூவருக்கும் பணி ஓய்வு கொடுக்கப்பட்டுவிட்டது, போன வாரம் அந்தத் தோட்ட ஹோட்டலுக்கு நான் தனியாகப் போய்க் கேசரி கேட்டேன். முந்திரி இல்லாமல், கழுவிய கரண்டியோடு வந்தது.