எண்ணூர்த் தாழி

அந்த நாளில் எனக்குத் தொல்பொருள் ஆபீஸில் வேலை. மண்ணிலிருந்து வரும் ஓடுகளைக் கழுவி, எண் போட்டு, படம் வரைய வேண்டும். ராயபுரத்தில் வாடகை வீடு. விடிந்ததும் எழுந்து, ஆபீஸுக்குக் கிளம்பும்வரை துப்பறியும் நாவல் எழுதுவேன். வேறொரு பெயரில்தான், ஆபீஸில் யாருக்கும் தெரியாது. ரயில் நிலையக் கடைகளில் தொங்கவிட்டு விற்கும் மாத நாவல்கள் அவை. முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசி அத்தியாயத்தில் கொலைகாரன். கிடைத்த துண்டு துணுக்குகளை வைத்து நடந்ததைச் சொல்வதுதானே இரண்டு வேலையும் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து, எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பெரிய பானையும் அதற்குள் மனித எலும்புகளும் கிடைத்தன. கூலியாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். போலீஸ் வந்து பார்த்து எங்கள் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்ப, ஆபீஸ் என்னை அனுப்பியது.

குழிக்குள் இறங்கியதுமே புரிந்துவிட்டது. அது முதுமக்கள் தாழி, பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை. பக்கத்தில் உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள். துருவேறி உருத்தெரியாமல் போன இரும்புத் துண்டு ஒன்று. எலும்பு, தொட்டால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"கேஸ் எழுதணுமா சார்?" என்றார் மேலே நின்ற சப்-இன்ஸ்பெக்டர்.

"எழுதலாம். ஆனா கொன்னவனும் செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆயிருக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நிமிர்ந்தபோதுதான் குழியின் விளிம்பில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். முப்பது வயசிருக்கும். முகத்துவாரக்குப்பத்திலிருந்து மணலில் ஓடியே வந்திருக்கிறாள்; மூச்சு வாங்கியது.

"சார், அது எங்க வூட்டுக்காரரா?"

"இல்லம்மா. இது ரொம்பப் பழசு. ராஜா காலத்துக்கும் முன்னாடி."

"நல்லா பாத்தியா சார்?"

"பாத்தேம்மா."

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நிம்மதியா, ஏமாற்றமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் விவரம் சொன்னார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான சமயம், குப்பத்து ஜனங்களும் மூட்டை கட்டியிருக்கிறார்கள். கட்டுமரங்களையும் வலைகளையும் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தங்கினார்கள். ஒருவன் இவள் புருஷன். இன்னொருவன் அவனோடு ஒரே மரத்தில் கடலுக்குப் போகும் கூட்டாளி. ஜனங்கள் திரும்பியபோது கூட்டாளி மட்டும்தான் இருந்தான். ராயபுரம் போய்விட்டு வருகிறேன் என்று ஒரு காலையில் போனவன் வரவேயில்லை என்று சொன்னான். கூட்டாளிதான் ஏதோ செய்துவிட்டான் என்று அன்றிலிருந்து குப்பத்தில் பேச்சு.

தாழியை ஆபீஸில் சேர்த்தேன். அந்தப் பேச்சை நாவலாக்கினேன். கழிமுகத்துக் குப்பம், காவலுக்குத் தங்கிய இரண்டு பேர், மண்ணுக்கடியில் ஒரு பழைய தாழி. கூட்டாளி நண்பனைக் கொன்று தாழிக்குள் மறைக்கிறான்; எலும்பு கிடைத்தாலும் பழசு என்று விட்டுவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. அந்தத் திருப்பம் தோன்றிய காலையில் சந்தோஷத்தில் எனக்குக் காபிகூட இறங்கவில்லை. புத்தகம் நன்றாக ஓடியது.

சில மாதம் கழித்து ஆபீஸில் என்னைத் தேடி ஒருவர் வந்தார். நெடுநெடுவென்று உயரம், வெயிலில் கருத்த தோள். துண்டில் எதையோ சுற்றி வைத்திருந்தார். பிரித்து மேஜைமேல் வைத்தார். என் நாவல்.

"எவனோ ஒருத்தன் எங்க குப்பத்தப் பத்தி எழுதிக்கீறான் சார். டீக்கடைல உரக்கப் படிக்கிறாங்க. முன்னயாவது மொணமொணன்னு பேசிக்கினு இருந்தாங்க. இப்ப அச்சுலயே வந்துருச்சுன்றாங்க. என்கூட மரம் ஏற ஒருத்தன் வரமாட்டேன்றான். நீதான அந்த எலும்ப எடுத்தவரு? அது என் கூட்டாளி இல்லேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடு சார்."

காகிதத்தை எழுதிக் கொடுத்து அவரை அனுப்பியிருக்கலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அவர் என்னை நம்பி நின்ற விதம் எழுதவிடவில்லை.

"இதை எழுதினது நான்தான்" என்றேன்.

அவர் புத்தகத்தை மறுபடி துண்டில் சுற்றினார். பிறகு, "நீ பாத்தியா?" என்றார்.

"இல்லை."

"அப்பறம் இன்னாத்துக்கு எழுதின?"

"கதைக்காக."

"செரி. கதைன்னு அங்க வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கரையேற்றிய மரங்களுக்கு நடுவே ஜனங்கள் கூடினார்கள். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் இருப்பதெல்லாம் என் கற்பனை, இவர் எதுவும் செய்ததாக எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு எங்க போனாரு?" என்றாள் அவள்.

"தெரியாதும்மா."

"எழுதும்போது மட்டும் தெரிஞ்சுதா?"

யாரும் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நான் சொன்னதை நம்பினார்களா என்று அவர்கள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. துப்பறியும் நாவல்களில் எப்படி எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று ரயிலில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன். மறுநாள் பதிப்பாளரிடம் போய், அந்தப் புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம்தான். ஆனாலும் நிறுத்தினார். இரண்டு வருஷம்போல நான் எதுவும் எழுதவில்லை. பிறகு எழுதினேன். யாரோ ஒருவருடைய வாழ்க்கை கதைக்குள் அப்படியே நுழையும்போதெல்லாம் கை நின்றுவிடும்; முன்போல வேகம் வரவில்லை.

குப்பத்தில் அந்தக் கூட்டாளிக்கு மரம் ஏறத் துணை கிடைக்கவில்லை. குடும்பத்தோடு காசிமேட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கடற்கரையோரமாக நடந்தபோது, ஒரு கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். திரும்பிப் போவது சரியாக இருக்காது என்று பக்கத்தில் போனேன்.

"இன்னும் எழுதிக்கினு கீறியா?" என்றார்.

"எழுதறேன்."

"எங்க குப்பத்தப் பத்தியா?"

"இல்லை."

தலையாட்டினார். வலையைச் சற்றுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நான் உட்கார மரத்தில் இடம் விட்டார்.