அப்பாவின் லாரிக்கு ஸ்டார்ட்டர் கோளாறு

அப்பாவின் லாரி எங்கள் வீட்டு முன்னால் வந்து நிற்கும். ஆனால் அதன் எஞ்சின் அங்கே ஒருநாளும் அணைந்ததில்லை.

அப்போது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். நானும் அம்மாவும் தாராபுரத்துக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா மதுக்கரையில் இருந்தார். ஏன் இப்படித் தனித்தனியாக இருக்கிறோம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்டால், "உனக்கெதுக்குடா அதெல்லாம், போய்ப் படி" என்பார் மாமா. படிப்பேன்.

சிமெண்ட் லோடு இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அப்பா கேட்டுக்கு முன்னால் நிறுத்துவார். நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். தேங்காய் பன் வாங்கி வந்திருப்பார். எஞ்சின் சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் பேச வேண்டும். கணக்கில் நான் பெயிலான சேதியை ஊருக்கே கேட்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"உள்ளே வாங்கப்பா" என்றால் ஒரே பதில்தான்.

"ஆப் பண்ணினா கிளப்ப முடியாதே கண்ணு. ஸ்டார்ட்டர் சரியில்லை. இறக்கமா இருந்தா நிறுத்திப்போட்டு வரலாம். உங்க மாமன் ஊடு சமதரையிலதானே இருக்குது?"

லாரி எஞ்சின் தானாகக் கிளம்பாது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் என்கிற சின்ன மோட்டார் சுற்றி அதை உசுப்பிவிடும். எஞ்சின் பிடித்ததும் சாவியை விட்டுவிட்டால் அந்த மோட்டார் நின்றுவிட வேண்டும். அப்பா லாரியில் அது சில சமயம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமாம். அப்படியே விட்டால் மோட்டார் கருகிப்போகும். அதனால் அவர் எங்கே போனாலும் இறக்கம் பார்த்து நிறுத்துவார். கிளம்பும்போது பிரேக்கை விட்டு உருளவிட்டு, கியரைப் போட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்துவிடுவார்.

ஆக, அப்பா வீட்டுக்கு வராததற்குக் காரணம் எங்கள் ஊரில் மேடு இல்லாததுதான். கிணறு வெட்டிய மண்ணை வாசலில் கொட்டி மேடாக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். மாமா சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அப்பா பேசி முடித்துக் கிளம்பினார். அந்த நேரம் பார்த்து, என்னைக் கூப்பிட அம்மா வாசலுக்கு வந்தாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். கிளட்சிலிருந்து கால் நழுவியது. லாரி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. சாவியை விட்டார். ஸ்டார்ட்டர் நிற்கவில்லை. 'கிர்ர்' என்று இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். எஞ்சினை அணைத்தார், சாவியையே உருவினார். அப்போதும் லாரி நடுங்கிக்கொண்டே இருந்தது. கீழே குதித்து ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். அதற்குப் பிறகுதான் ஓய்ந்தது.

எல்லோரும் பயந்திருந்தார்கள். எனக்கு மட்டும் திருவிழா. அப்பாவின் லாரி எங்கள் வீட்டு முன்னால் அணைந்து நிற்கிறது!

டவுன் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார்கள். தாராபுரத்திலிருந்து எலக்ட்ரீசியன் பாய் மொபெட்டில் வந்து சேர்ந்தார். முதலில் கியரை ஆட்டிப் பார்த்து நியூட்ரல்தான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு பேட்டரி வயரை வைத்தார். பொறி பறந்தது, மோட்டார் மறுபடி அலறியது. சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரை உருவினார். அப்போதும் அலறல் நிற்கவில்லை.

"சாவி மேல தப்பில்லைங்ண்ணா. அதுல இருந்து கரண்டே வராம சுத்துது பாருங்க" என்று சொல்லி, மோட்டார் தலையில் டப்பா மாதிரி இருந்த சுவிட்சை ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். நின்றுவிட்டது. "இதுக்குள்ளதான் ஒட்டிக்குது."

அம்மா என்னைக் கூப்பிட்டு இரண்டு டம்ளர் டீ கொடுத்தாள். "சர்க்கரை பத்தலைன்னா சொல்லச் சொல்லு."

அப்பா குடித்துவிட்டு, "சரியா இருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்றார். ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

பாய் டப்பாவைப் பிரித்தார். உள்ளே செம்புத் தகடு கருகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அதை உப்புத்தாளால் தேய்த்து, நைந்துபோன ஸ்பிரிங்கை மாற்றிப் பூட்டினார். அப்பா சாவியைத் திருகினார், விட்டார். மோட்டார் நல்ல பிள்ளையாக நின்றது. மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள்.

"ஏனுங்ண்ணா, ஒரு மணி நேர வேலைங்க இது. இதை வெச்சுக்கிட்டா இத்தனை வருசமா இறக்கம் தேடி அலைஞ்சீங்க?" என்று பாய் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பாய் போன பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு அப்பா கீழே இறங்கினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கேட் வரைக்கும் வந்தார். அம்மா வாசற்படியில் நின்றாள். அப்பா கையிலிருந்த கிரீஸைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நானும் நின்றேன்.

"கை கழுவத் தண்ணி கொண்டுபோய்க் குடு கண்ணு" என்றாள் அம்மா.

சொம்பை வாங்கிக் கேட்டுக்கு வெளியிலேயே கை கழுவினார். வெறும் சொம்பை என்னிடம் கொடுத்தார். "லோடு இறக்கோணும். வாரேன் சாமி" என்று ஏறிவிட்டார். சாவியைத் திருகியதும் வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது.

சரி, லோடு இருந்திருக்கும். அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தேன். தேங்காய் பன்னோடு வந்தார். லாரி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஆப் பண்ணுங்கப்பா! அதுதான் சரியாயிடுச்சில்ல?" என்று கத்தினேன்.

அவர் வீட்டைப் பார்த்தார். "பழைய வண்டி கண்ணு. நம்ப முடியாது."

உள்ளே போய் அம்மாவிடம், "ஸ்டார்ட்டர் இன்னும் சரியாகலையாம், அம்மா" என்றேன். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குப் பாய் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அரைகுறை வேலை செய்து எங்களை ஏமாற்றிவிட்டார். ஒருநாள் அம்மாவோடு தாராபுரம் சந்தைக்குப் போயிருந்தபோது அவரே என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார்.

"என்ன தம்பி, அப்பா வண்டி எப்படி? இனி அது ஒண்ணும் பண்ணாதே?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து நடந்தேன்.