கண்மாய்க் கொக்குகளும் கல்யாண பிரியாணியும்

அந்தக் கோடையில் என்னை அதிகம் போனில் அழைத்தவர் ராயப்பன்பட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். எனக்கு அவர் சொந்தமும் இல்லை, என்னிடம் வைத்தியம் பார்க்க மாடு வைத்திருந்தவரும் இல்லை. வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மட்டும் வளர்த்தார். அவற்றுக்கு ஒரு நோவும் வந்ததில்லை.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் டாக்டர். சொந்த ஊர் பெரியகுளத்தை ஒட்டிய ஜெயமங்கலம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் எங்கள் பக்கம் பரபரப்பாகிவிட்டது. குமுளி வழியாக வரும் வண்டிகளின் டயருக்கெல்லாம் மருந்து அடித்தார்கள். கோழிப் பண்ணைகளைப் போய்ப் பார்த்தோம். அதோடு காட்டுப் பறவைகளையும் கவனிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வலசை போகும் பறவைகளுக்கு எந்தச் சோதனைச் சாவடி? எனவே கண்மாய், குளம், தோப்பு என்று ஊர் ஊராகப் போய், செத்த பறவையைப் பார்த்தால் தொடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டுப் பேசினேன். ராயப்பன்பட்டியில் பள்ளிக்கூட ஹாலில் நடந்த கூட்டத்துக்கு இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். நான் சொன்ன போன் நம்பரைக் குறித்துக்கொண்டவர் இந்த டீச்சர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"டாக்டரம்மா, இங்கன ஒரு காக்கா செத்துக் கெடக்கு. நான் தொடல. பக்கத்துல யாரையும் விடல. கொடையப் பிடிச்சுக்கிட்டுக் காவல் நிக்கிறேன். சீக்கிரம் வாங்க."

போய்ப் பார்த்தால் மின்கம்பத்தின் அடியில் கிடந்தது காகம். சிறகோரம் கருகியிருந்தது. கம்பியில் மாட்டிச் செத்தது என்று சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார், பரீட்சையில் ஒரு பிள்ளை பாஸானதைக் கேட்டதுபோல.

அடுத்தது ஒரு தவிட்டுக்குருவி. அதைக் கொன்ற பூனை பக்கத்துச் சுவரிலேயே உட்கார்ந்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது. அப்புறம், புளியமரத்துக் கிளையில் இறந்து தொங்கிய ஆந்தை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது அது கறுப்பு பாலிதீன் பை. ஒருநாள் மதியம் நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நீங்க சொன்ன அடையாளம் அப்படியே இருக்கு டாக்டரம்மா. ஒரு மயிலு. தலை சுத்துற மாதிரி ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வருது. ஒடம்பெல்லாம் நடுங்குது."

"தோகைய விரிச்சிருக்கா டீச்சர்?"

"ஆமா. நல்லா விரிச்சிருக்கு."

"பக்கத்துல பெண்மயில் நிக்குதா?"

எட்டிப் பார்த்திருப்பார் போல. அப்புறம், "நிக்குது. ரெண்டு நிக்குது" என்றார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். எங்களுக்குள் சிநேகம் பிறந்தது அந்த நிமிடம்தான்.

வாரம் ஒருமுறை அந்த ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டியிருந்தது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கொக்கு, நீர்க்காகம், அரிவாள்மூக்கன் எல்லாம் அடையும். உயிரோடிருக்கும் பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை. எச்சம் போதும், ஆனால் புதிதாக இருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் கரையோர மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிட்டு ஒதுங்கி நிற்போம். வெளிச்சம் வந்ததும் பறவைகள் கிளம்பும்போது தேவையானது தாராளமாக விழும். எங்கள் மேலும் விழும்.

என்னோடு வருபவர் மருந்தக உதவியாளர். காமயகவுண்டன்பட்டிக்காரர், என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மூக்கணாங்கயிறு அறுத்துக்கொண்டு ஓடும் காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள். ஆனால் பறவை என்றால் ஆகாது. சிறகு படபடத்தால் இரண்டடி பின்னால் போய்விடுவார். "மாடு முட்டுமா ஒதைக்குமான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியும் மேடம். இதுக மூஞ்சியில ஒண்ணும் தெரியல" என்பார்.

டீச்சர் கரையின் மறுகோடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் வரக்கூடாது என்று நான் போட்ட கட்டளையை ஒருநாளும் மீறியதில்லை. துபாயிலிருந்து மகன் அனுப்பிய பைனாகுலர் கழுத்தில் தொங்கும். வேலை முடித்து, கையுறை கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அவரிடம் கையை நீட்டிக் காட்டினால்தான் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றுவார். "நகத்துக்குள்ள?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

தவக்காலத்தில் அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கிய சமயம், டீச்சரின் தம்பி மகளுக்கும் தேதி வைத்திருந்தார்கள். தம்பி திராட்சைத் தோட்டக்காரர். பத்திரிகை வைக்க அக்காவும் தம்பியுமாக மருந்தகத்துக்கே வந்துவிட்டுப் போனார்கள். அதே வாரத்தில் ஒரு காலை டீச்சர் அழைத்தார். காவல் நிற்கிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா, கண்மாய்ல கொக்கு செத்து மெதக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல. கரையில ஒதுங்கியும் கெடக்கு. பூனையும் இல்ல, கரெண்டுக் கம்பியும் இல்ல."

வனத்துறைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உச்சி முதல் பாதம் வரை மூடுகிற அந்த வெள்ளைப் பாதுகாப்பு உடையை அன்றுதான் முதல் தடவையாக நிஜ வேலைக்குப் போட்டேன். சித்திரை வெயிலில் அதற்குள் நிற்பது இட்லிக் கொப்பரைக்குள் நிற்பதுதான். கண்ணாடியில் ஆவி படிந்து கொக்கு எது கல் எது என்று தெரியவில்லை. கரையில் ஊரே கூடிவிட்டது.

"ஏலே, கொரோனாதான் திரும்ப வந்துருச்சுடா!" என்று ஒருவர் கத்தினார்.

"யாரும் எறங்காதீக! அவுக சொல்ற வரைக்கும் கரையிலயே நில்லுங்க!" டீச்சரின் குரல் அசெம்பிளி மைதானத்துக் குரல். கூட்டம் அப்படியே நின்றது. அவரிடம் படித்தவர்கள்தானே பாதிப் பேர்.

அண்ணனும் அதே உடையில் என் பின்னால் வந்தார். கொக்கின் காலைப் பிடித்துத் தூக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லியபடி தூக்கினார். ஆனாலும் ஒன்றைக்கூட நழுவவிடவில்லை. தொண்டையிலும் எச்சம் வரும் துவாரத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்தேன். சில உடல்களை முழுசாகவே ஐஸ் பெட்டியில் வைத்தோம். மற்றவற்றை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். பெட்டி தேனிக்குப் போய், அங்கிருந்து வடக்கே இருக்கிற பெரிய ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்குக் கவலை இருந்தது. பறவைக் காய்ச்சல்தான் என்று வந்தால் சுற்றியுள்ள ஊர்க் கோழிகளையெல்லாம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். அவற்றுக்கும் தொற்றியிருந்தால் ஒன்றுவிடாமல் அழிக்க வேண்டும். டீச்சர் வீட்டுக் கோழிகளை நானே பிடித்துக் கொடுக்க வேண்டிவரும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரும் தம்பியும் மறுபடி மருந்தகத்துக்கு வந்தார்கள். தம்பி நின்றபடியே பேசினார்.

"டாக்டர், சமையக்காரருக்கு இன்னைக்கே சொல்லியாகணும். கோழி பிரியாணின்னு முடிவு பண்ணுனது. இப்ப மாமன் மச்சான்லாம் பூசைக்கு வாரோம், சாப்பாட்டுக்கு நிக்க மாட்டோம்னு சொல்றாக."

சுற்றுவட்டாரப் பண்ணைகளை நானே பார்த்திருக்கிறேன், எந்தக் கோழிக்கும் நோய் இல்லை, நன்றாக வேகவைத்த கறியாலும் முட்டையாலும் ஆபத்து இல்லை என்று விளக்கினேன்.

"எனக்குத் தெரியுது டாக்டர். பந்தியில உக்கார்றவுகளுக்குத் தெரியணுமே. பேசாம ஆட்டுக்கறிக்கு மாத்திருவமா?"

டீச்சர் குறுக்கிட்டார். "மாத்துனா வதந்திக்கு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும். டாக்டரம்மா மொதப் பந்தியில உக்காரட்டும். அவுக சாப்புட்டா ஊரே சாப்புடும்."

தம்பி முகம் மலர்ந்துவிட்டது. விஷயம் என்னவென்றால், நான் கறி சாப்பிடுவதில்லை. கல்லூரியில் முதல் முதலாகக் கோழியை அறுத்துப் பரிசோதித்த வகுப்போடு விட்டது. ஜெயமங்கலத்தில் என் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்னமும் அதற்காக வருத்தப்படுகிறார். அன்று அந்த அக்கா தம்பியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் இலை போட்டார்கள். பந்தியில் பாதி நாற்காலி காலி. வாசலில் மட்டும் நல்ல கூட்டம், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. என் பக்கத்தில் அண்ணன், வெள்ளைச் சட்டையும் மீசையுமாக. பெண்ணின் அப்பாவே வாளியைத் தூக்கி வந்து, பெரிய தொடைத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தார். வாசல் கூட்டம் இன்னும் ஓரடி உள்ளே வந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நான் கறி சாப்புடுறதில்ல" என்றேன்.

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது:

"எப்ப இருந்து? கொக்கு செத்ததுல இருந்தா?"

"காலேஜ்ல இருந்து!" என்று எழுந்து நின்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் நைசாக எழுந்து கைகழுவப் போனார்கள்.

எதிர் வரிசையில் டீச்சர் என்னைப் பார்த்த பார்வை, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பது. ஆனால் அவர் அசரவில்லை.

"முட்டை?"

"முட்டை சாப்புடுவேன் டீச்சர்."

அவர் எழுந்து மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "முட்டை எதுல இருந்து வருது?"

எங்கோ ஒரு மூலையிலிருந்து, நரைத்த தலைக்காரர் ஒருவர் தன்னையறியாமல், "கோழியில இருந்து டீச்சர்" என்றார்.

"சத்தமா!"

"கோழியில இருந்து டீச்சர்!" இந்த முறை பத்துப் பதினைந்து குரல்கள். மண்டபமே சிரிப்பில் அதிர்ந்தது.

அவித்த முட்டை வந்தது. நான் அதைப் பிட்டு, மஞ்சள் கரு நன்றாக வெந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி காட்டி, முழுசையும் சாப்பிட்டேன். பரிமாறியவர் இன்னொன்று வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

"கறிக்கு யாரு சாட்சி?" என்று அதே வாசல் குரல் விடவில்லை.

"இந்தா, இவுகளும் டிபார்ட்மெண்டுதான்" என்று டீச்சர் அண்ணனைக் காட்டினார். அண்ணன் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. இந்தக் களேபரத்தில் என் இலையிலிருந்த தொடையும் அவர் இலைக்குப் போய்விட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, வாய் நிறைந்திருந்ததால் கட்டை விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். உயிரோடிருக்கும் கோழியைக் கண்டால் விலகி நடக்கும் மனிதர்! கைகழுவப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் பந்திக்கு இடம் கிடைக்காமல் வாசல் குரலுக்குச் சொந்தக்காரர் நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆய்வக முடிவு வந்தபோது நான் காமயகவுண்டன்பட்டியில் ஒரு தொழுவத்தில் இருந்தேன். கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டிருந்தது. என் வலது கை தோள்வரை பசுவுக்குள். போனில் மெசேஜ் சத்தம் கேட்டதும் அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், நெகட்டிவ்வாம். எல்லாமே நெகட்டிவ்" என்று படித்தார்.

சந்தோஷத்தைக் காட்டக்கூட முடியாத நிலை. "சரி, கயிறக் குடுங்கண்ணே" என்றேன். அண்ணனும் மாட்டுக்காரரும் சேர்ந்து இழுக்க, கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. பெண்கன்று, கிடாரி. மூக்கைத் துடைத்துவிட்டதும் தும்மியது. அதன் பிறகுதான் நான் தொழுவச் சுவரில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டுக்காரர் கன்றுக்காகத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

பம்புசெட்டில் கைகழுவிவிட்டு டீச்சரை அழைத்தேன். சொன்னதும் "ஸ்தோத்திரம்" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "கோழிகளத் தெறந்து விடலாமா?" என்று கேட்டார். கொக்குகள் செத்த நாளிலிருந்து அவற்றை வெளியே விடாமல் கூண்டுக்குள் வைத்தே தீனி போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

"தெறந்து விடுங்க டீச்சர்."

"அப்ப கொக்கெல்லாம் எதனால செத்துச்சு?"

கொக்குகள் செத்ததற்கு முந்தின ராத்திரி பேய்க்காற்று அடித்தது. அதுவாக இருக்கலாம். வயலில் அடித்த ஏதாவது மருந்தாகவும் இருக்கலாம். எங்களுக்கு வந்த முடிவில் எது இல்லை என்று மட்டும்தான் இருந்தது. "தெரியல டீச்சர்" என்றேன்.

"பரவால்ல. தெரிஞ்சதச் சொன்னீக" என்றார். பின்னாலேயே கூண்டுக் கதவு திறக்கிற சத்தமும், கோழிகள் கெக்கரித்துக்கொண்டு வெளியே பாய்கிற சத்தமும் கேட்டன. போனைக் கீழே வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் ஒவ்வொரு கோழியையும் அதட்டிக்கொண்டிருந்ததை, கை ஈரம் காயும்வரை பம்புசெட் மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.