மைதிலி மாமி குதிரை ஏறிய ஞாயிறு

மைதிலி மாமியை நான் புடவையைத் தவிர வேறு உடையில் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பாலவாக்கத்தில், கணவரின் ஸ்கூட்டரிலிருந்து சல்வார் கமீஸில் இறங்கினார். காலில் ஷூ வேறு.

"என்ன மாமி, புதுசா இருக்கு?" என்றேன்.

"வெயில் தாங்கலை. இதுதான் காத்தோட்டமா இருக்கு" என்றார்.

கடற்காற்று ஆளையே தள்ளிக்கொண்டிருந்த காலை அது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்... வரவில்லை.

நாங்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலவாக்கத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே கடலை ஒட்டி ஒரு சின்ன குதிரை லாயம் இருக்கிறது. அதில் நிற்கும் நூரி என்ற பெண் குதிரைக்கு நான் சொந்தக்காரி. சரியாகச் சொன்னால், பாதிச் சொந்தக்காரி. மறுபாதி என் கல்லூரித் தோழி ஷாநாஸ். தி. நகரில் லேஸும் பட்டனும் விற்கும் குடும்பக் கடையை நடத்துகிறவள். ரேஸ் ஓடி ஓய்ந்த நூரியை இருவரும் சேர்ந்து வாங்கினோம். எந்தப் பாதி யாருடையது என்று கேட்காதீர்கள். லத்தி அள்ளுகிற நாட்களில் பின்பாதி என்னுடையது என்பது ஷாநாஸின் தீர்ப்பு.

ஒரே குதிரை. ஆனால் அதன் மேல் ஏறுவதற்கு எங்களிடம் இரண்டு மதங்கள் இருக்கின்றன.

நான் ஏறுவதென்றால் ஹெல்மெட், அதற்குக் கீழே நெஞ்சையும் முதுகையும் மூடும் கவசம், கணுக்கால் வரை பூட்ஸ், இடுப்புப் பையில் போன். சேணத்தின் வாரை இழுத்துப் பார்ப்பேன். ஏறிய பிறகு குனிந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். முதல் நாள் என்னைப் பார்த்து ஷாநாஸ் கேட்டாள்: "இன்னாடி இது... போருக்கா போறே?"

அவள் ஹெல்மெட் போடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. தி. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் வருவாள். லாயத்துக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நூரி மேல் ஏறிவிடுவாள்.

"ஏன்டி, ஸ்கூட்டர்ல விழுந்தா மட்டும்தான் மண்டை உடையுமா?"

"குதிரைக்கு யாரும் ஃபைன் போட மாட்டாங்கடி."

நம் ஊரில் ஹெல்மெட் தலைக்காகவா இருக்கிறது? சிக்னலில் நிற்கும் போலீஸ்காரருக்காக அல்லவா? முழங்கையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அண்ணா சாலையில் போகிறவர்களைப் பாருங்கள். முழங்கை பத்திரமாக இருக்கிறது.

இந்த இரண்டு மதங்களிலும் சேராத ஒருவர் வரதன் மாமா. மைதிலி மாமியின் கணவர், மயிலாப்பூர்வாசி, ஓய்வு பெற்ற ஆடிட்டர். நண்பர் ஒருவருக்குத் துணையாகக் குதிரை பார்க்க வந்தார். அங்கே நின்ற ஒரு கிழட்டு ரேஸ் குதிரை நேராக வந்து, அவர் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. நண்பர் வாங்காமல் போய்விட்டார். மாமா வாங்கிவிட்டார். கோவிந்தன் என்று பெயரும் வைத்தார்.

வாய் நிறையக் கூப்பிடும்போது அது 'கோவிந்தா' ஆகிவிடுகிறது. குதிரை லாயத்தில் யாராவது 'கோவிந்தா' என்று குரல் கொடுத்தால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் மாமா அந்தக் குதிரை மேல் ஒருநாள்கூட ஏறியதில்லை. தினமும் காலையில் வந்து, வேலி போட்ட மணல் மைதானத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பார். நடந்துகொண்டே அதனிடம் பேசுவார். மின்சார பில், மாடியில் ஒழுகும் குழாய், தண்ணீர் லாரி வராதது... எல்லாம் கோவிந்தனுக்குத் தெரியும்.

"ஏன் மாமா ஏறவே மாட்டேங்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இந்த வயசுல விழுந்து இடுப்பு உடைஞ்சா மைதிலிதானேம்மா என்னைத் தூக்கணும்? அவளால முடியுமா?"

நியாயமான பேச்சு என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்த மாமி அன்று ஒன்றும் சொல்லவில்லை.

சல்வார் கமீஸ் ஞாயிறன்று சொன்னார்.

ஷாநாஸ் மைதானத்தின் ஒரு கோடியில் நூரியை மெல்ல ஓட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தது என் முறை என்பதால் நான் சகல கவசங்களோடும் வேலி ஓரம் நின்றிருந்தேன். மாமா கோவிந்தனுடன் நடந்துகொண்டிருந்தார். மாமி எழுந்து அவரிடம் போனார்.

"ஏன்னா, நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா?"

மாமா நின்றார். கோவிந்தனும் நின்றது.

"எதுல?"

"இது என்ன கேள்வி. இங்க ஏறறதுக்கு வேற என்ன இருக்கு?"

"விளையாடறியா? முட்டி வலின்னு நேத்துகூட ஆத்துல தைலம் தேச்சுண்டிருந்தே."

"நடந்தாத்தான் வலிக்கறது. உக்காந்தா வலிக்கலை."

"விழுந்தா?"

"நீங்க விழுந்தா நான் தூக்கணும்னுதானே நீங்க ஏறலை? நான் விழுந்தா நீங்க தூக்குங்கோ. தினம் நடக்கறேள், தெம்பு இருக்கு."

மாமா கேட்டார்: "எத்தனை நாளா இந்த யோசனை?"

"இவனை வாங்கின அன்னிலேர்ந்து."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. இங்க ஜாக்கிரதையான ஆள் நீதான்."

தன் கட்சிக்கு ஆள் பிடிக்கிறார் என்று புரிந்தது. வேண்டாம் மாமி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாமி என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார். நான் பேசாமல் ஹெல்மெட்டைக் கழற்றினேன். கவசத்தையும் கழற்றினேன். தூரத்திலிருந்து ஷாநாஸ், "அப்படிப் போடுங்க மாமி" என்றாள்.

மாமா அதற்கு மேல் தடுக்கவில்லை. ஆனால் ஹெல்மெட்டின் தாடை வாரை அவரே மாட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார். "மூச்சு முட்டறதுன்னா" என்று மாமி சொன்ன பிறகுதான் விட்டார். லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் டேவிட் கோவிந்தனுக்குச் சேணம் பூட்டி, மரப்படியைக் கொண்டுவந்து போட்டு, ஒருபக்கம் தாங்கினார். மறுபக்கம் நான். மாமி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மேலே உட்கார்ந்ததும் அவர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இங்கேர்ந்து தெரியறதே" என்றார். கீழே நிற்கும் எங்களுக்கு லாயத்தின் மதில் சுவர்தான் தெரியும்.

மாமா கயிற்றைப் பிடித்து நடந்தார். கோவிந்தன் நடந்தது. பாதி மைதானம் தாண்டியிருப்பார்கள். அப்போது காற்று ஒரு வீசு வீசியது. தீவனக் கொட்டகையின் மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் கயிற்றை அறுத்துக்கொண்டு, படபடவென்று அடித்தபடி மைதானத்துக்குள் பறந்து வந்தது.

நூரி பக்கவாட்டில் ஒரு தாவு தாவியது. ஷாநாஸ் சேணத்தில் இல்லை. மணலில் இருந்தாள். ஆளில்லாத நூரி, கால் வைக்கும் அங்கவடி இரண்டும் வயிற்றில் அடிக்க, நாலு கால் பாய்ச்சலில் நேராக கோவிந்தனை நோக்கி ஓடியது.

கோவிந்தன் தலையைத் தூக்கியது. காது இரண்டும் விறைத்தன. உடம்பு முழுக்க ஒரு முறுக்கு ஏறுவது எனக்கே தெரிந்தது. மாமி சேணத்தின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டைக் கொடுத்தது நான்தானே?

மாமா கயிற்றை இழுக்கவில்லை. கத்தவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கோவிந்தனின் கழுத்தில் கையை வைத்து, விட்ட இடத்திலிருந்து பேசினார்.

"நாளைக்கு இ.பி. பில் கட்டணும் பாத்துக்கோ. மறந்து போயிடும். அந்தப் பிளம்பர் வரேன்னான், வரலை..."

அதே குரல். தினமும் கேட்கிற குரல். கோவிந்தனின் ஒரு காது மெல்ல அவர் பக்கம் திரும்பியது. பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. ஓடிவந்த நூரியும் என்ன நினைத்ததோ, வேகம் குறைந்து, அதன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. டேவிட் அதைப் பிடித்தார்.

நான் ஷாநாஸிடம் ஓடினேன். "ஒண்ணுமில்ல, மண்ணுதான்" என்று எழுந்திருக்கப் பார்த்தவள் இடது கையை ஊன்ற முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. தலை தப்பியது. அவள் விழுந்த இடத்துக்கும் வேலிக் கல்லுக்கும் ஒரு முழம்தான் இருக்கும். அவளும் அந்தக் கல்லைப் பார்த்தாள்.

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. "மைதிலி, இறங்கிடு."

"இன்னும் அரை ரவுண்டு இருக்கேன்னா."

அந்த அரை ரவுண்டும் போனார்கள். மாமியை இறக்கிவிட்டு, கயிற்றை டேவிட்டிடம் கொடுத்த பிறகுதான் மாமா வேலியைப் பிடித்துக்கொண்டார். மாமி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காபி ஊற்றிக் கொடுத்தார். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மாமியே பிடித்துக்கொண்டார்.

ஷாநாஸை அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எலும்பில் லேசான விரிசல். கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் கேட்டார்: "ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

ஷாநாஸ் கொஞ்சம் யோசித்தாள். "ஸ்கூட்டர்ல வரும்போது போட்டிருந்தேன் டாக்டர்."

டாக்டர் சிரிக்கவில்லை. நான்தான் அறைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இதிலிருந்து யார் கட்சி ஜெயித்தது என்கிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை. ஷாநாஸ் நூரியை நம்பினாள். நான் கடையில் விற்கிற பொருட்களை நம்பினேன்... இன்றைக்கும் நம்புகிறேன், கழற்றப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு மாமியைச் சேணத்தில் உட்காரவைத்திருந்தது என் ஹெல்மெட் இல்லை. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் நடந்து, பிளம்பரைப் பற்றிப் புலம்பிய ஒருவர்.

ஷாநாஸுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. ஆனாலும் வருகிறாள். ஏற முடியாததால் வலது கையில் நூரியைப் பிடித்துக்கொண்டு மாமாவோடு நடக்கிறாள். மாமா கோவிந்தனின் காதில் பில் விவகாரம் சொல்ல, இவள் நூரியின் காதில் லேஸ் வியாபாரம் சொல்ல... இரண்டு குதிரைகளும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கின்றன. போன வாரம் என்னிடம், "உன்து மாதிரி ஹெல்மெட் எங்கடி கிடைக்கும்? எனக்கில்ல, சும்மா கேட்டேன்" என்றாள். நானும் சும்மா முகவரி அனுப்பினேன்.

மாமி ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. இப்போது சேணத்தைப் பிடிக்காமலே உட்காருகிறார். நேற்று காலை மாமாவிடம் கேட்டேன்: "மாமியே பழகிட்டாங்க. இனிமே நீங்களும் ஏறிப் பார்க்கலாமே?"

மாமா கயிற்றைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"நானும் மேலே போயிட்டா, கீழே யாரும்மா பிடிச்சுக்கறது?"

மேலேயிருந்து மாமிதான் சொன்னார்: "பேசிண்டே நிக்காதீங்கோ. நடங்கோ."

கோவிந்தன் நடந்தது. மாமாவும்தான்.