செவ்வந்திக்குக் கீழே இருந்த சாட்சி

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் ரெங்கம்மாவைப் போல ஒரு வாயாடியைப் பார்க்க முடியாது. ஆனாலும் தொண்ணூற்றெட்டில் அவள் தோட்ட நிர்வாகத்தின்மேல் பதுளை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது தொழிலாளர் குடியிருப்பான லயமே வாயடைத்துப் போனது. குடிநீர் ஊற்றுக்கு மேலேயிருந்த காட்டை நிர்வாகம் வெட்டி விற்கத் தொடங்கியிருந்தது. மழையோ இப்போதெல்லாம் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போய்விடுகிறது. ஊற்றுநீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கியது. மிச்ச மரங்களும் போனால் லயத்துக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இராது.

"சனத்தின்ர தண்ணியைக் கெடுக்கிறது பொதுத் தொல்லை. அதை நிப்பாட்டச் சட்டம் இருக்கம்மா" என்றார் வக்கீல் கஜரூபன், யாழ்ப்பாணத்துக்காரர். தண்ணீருக்குக்கூடச் சட்டமா! ரெங்கம்மாவுக்கு மெய்சிலிர்த்தது.

நீதவான் தாமே வந்து இடத்தைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பெரிய மனிதர் வந்தால் தோட்டத்து ஆட்கள் என்ன செய்வார்கள்? காலங்காலமாகச் செய்ததையே செய்தார்கள். ரெங்கம்மா முன்னே நின்று ஏவ, சரிவு முழுவதையும் கூட்டிப் பெருக்கினார்கள். வெட்டிக் கிடந்த கிளைகள் அடுப்படிக்குப் போயின. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அடிக்கட்டைகளை மண்ணால் மூடி, மேலே செவ்வந்தி நட்டார்கள். கல்யாண வீடு தோற்றது.

முதலில் வந்த கஜரூபன் தலையில் கைவைத்தார். "என்னம்மா செய்தனீங்கள்? மரம் வெட்டின அடையாளம் ஒண்டும் இல்லையே!"

"ஐயய்யோ, எங் கையாலயே கெடுத்துப்புட்டேனே!" ரெங்கம்மா செடிகளை நோக்கி ஓடினாள். அதற்குள் நீதவானின் ஜீப் வந்து நின்றுவிட்டது.

நிர்வாகத்தை நடத்தும் தோட்டத்துரை சிரித்த முகத்தோடு பூச்செடிகளைக் காட்டினார். நீதவான் சுற்றிப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வழியாக ரெங்கம்மாவிடம் கேட்டார். "வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் எங்கே?"

"பூவுக்குக் கீழ இருக்குங்க சாமி. நீங்க வர்றீங்கன்னு நாங்கதான் மூடுனோம்."

துரை சத்தமாகவே சிரித்தார். நீதவான் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மண்ணில் மண்டியிட்டு ஒரு செவ்வந்தியைப் பிடுங்கினார். வெறுங்கையால் மண்ணைத் தள்ளினார். பால் காயாத அடிக்கட்டை வெளியே வந்தது. பக்கத்துச் செடிக்கு நகர்ந்தார். அங்கும் அதுதான்.

பிறகு பீலியடிக்குப் போய்க் கையை நீட்டினார். அந்த நூல் தண்ணீரில் செம்மண் போக வெகுநேரம் ஆயிற்று. அதுவரை துரையும் வெயிலில் நிற்கவேண்டியிருந்தது.

வழக்கு முடியும்வரை ஒரு மரத்திலும் கத்தி படக்கூடாது என்று நீதவான் அங்கேயே உத்தரவிட்டார். துரை, "சரி சேர்" என்றார். அந்த வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்து ரெங்கம்மா கேட்டதேயில்லை.

ஜீப் போனபிறகு அவள் கஜரூபனிடம் மெல்லக் கேட்டாள். "இம்புட்டுப் பெரிய சட்டம், நமக்கும் சேத்துத்தான் இருந்துச்சாங்க?"

"எப்பவும் இருந்ததம்மா."

அதைக் கேட்டபிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.