கருப்பின் மேல் பெய்த மழை

ஜீப் ஏறாத ஏலத்தோட்டங்களுக்கு அப்போது குதிரைகள்தான் அரிசியும் உரமும் சுமந்தன. இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. போடியில் எங்கள் வீட்டில் இரண்டு குதிரைகள். செவலை அப்பாவுடையது, கருப்பு சித்தப்பாவுடையது. கொட்டகை ஒன்று, தீவனம் ஒன்று. எந்த லோடுக்கு எந்தக் குதிரை என்று சொல்பவர் மட்டும் அப்பா.

ஓர் ஐப்பசியில் கருப்பின் முதுகு பொருக்குத் தட்டியது. பொருக்கைத் தொட்டால் முடியும் கொத்தாகக் கையோடு வந்தது. அடியில் ஈரச் சிவப்பு. சேணம் வைக்க முடியவில்லை. செவலையோ எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. அப்பா கைராசிக்காரர் என்று பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன்.

"செவலைக்கு ஒட்டுறதுக்குள்ள இத வெரசாத் தள்ளி விட்றுடா. வந்த விலைக்குக் குடு" என்றார் அப்பா.

குதிரை போனால் சித்தப்பாவும் கூலியாளாக, ஜீப் போகும் தோட்டங்களுக்கு அதில் தொங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் பஞ்சு சுற்றிய குச்சியால் கருப்பின் முதுகைத் துடைத்து, ஒரு குழாயில் போட்டு மூடினார். பிறகு செவலையிடம் போனார். அப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது.

"நல்லாருக்கறத எதுக்கு சார் தொடைக்கிறீங்க?"

"நல்ல தோல்ல என்ன குடியிருக்குன்னு தெரிஞ்சாத்தானே, நோவுக்கு எது காரணம்னு சொல்ல முடியும்?"

அடுத்த வாரம் வந்து, இரண்டிலும் ஒரே கிருமிதான் என்றார்.

அப்பா சித்தப்பா பக்கம் திரும்பினார். "பாத்தியா, ஒட்ட வச்சிட்ட!"

"ஒட்டலைங்க" என்றார் டாக்டர். " அது முன்னாடியே ரெண்டு மேலயும் இருந்திருக்கும். காஞ்ச தோல்ல சும்மா கெடக்கும். நனைஞ்சுக்கிட்டே இருந்தா தோலு ஊறிப்போகும், கிருமி உள்ள எறங்கிரும். ஒரே கொட்டகைதானே, கருப்பு மட்டும் எப்படி இப்படி நனைஞ்சது?"

லத்தி அள்ளிக்கொண்டிருந்த சித்தி நிமிராமலே சொன்னாள்: "எங்க ஊரு மழைக்கு ஆள் தெரியும் சார். கருப்பப் பாத்துத்தான் பெய்யும்."

"ஏய், சோலியப் பாரு" என்று சித்தப்பா அதட்டினார். அப்பா செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துவிட்டது. போடிமெட்டுப் பக்கம் உர லோடு இருந்தது. கருப்பை விற்பது பற்றி அப்பா பேசவில்லை. செவலைக்குச் சேணம் கட்டி, தன் மழைக்கோட்டை அதன் மேல் விரித்துவிட்டு, தலை நனைய நனைய மலையேறினார். அந்த மழைக்காலம் முழுவதும் அப்படித்தான் போனார். கருப்புக்குக் களிம்பு எழுதிக்கொடுத்த டாக்டர், அப்பாவுக்கு மழையில் நனையும்படி எழுதிக்கொடுத்திருக்கிறார் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.